வெளிக்கால் பெருசு, உள்கால் சிறுசு

அவரிடம் நான் முதல்முதலாகத் திட்டு வாங்கியபோது என் தோளில் ஒரு சவப்பெட்டி இருந்தது.

பெட்டிக்குள் இருந்தவர் என் கடைக்கு அடுத்த கடையில் பேக்கரி வைத்திருந்தவர். அவர் சுட்ட கேக்கை ஏற்காட்டிலேயே அதிகம் சாப்பிட்டது அவர்தான். அந்தக் கேக்குகள் அத்தனையும் அன்று எங்கள் ஆறு பேர் தோளிலும் இறங்கியிருந்தன. சர்ச்சிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பாதை செங்குத்தாக இறங்கி, கேட்டுக்குப் பக்கத்தில் சட்டென்று இடப்பக்கம் திரும்புகிறது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் வலப்பக்கத்தில் முன்னால் நின்றேன். திருப்பத்தில் பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எனக்குப் பயம் வந்தால் கற்பனை மட்டும் நன்றாக வேலை செய்யும். பெட்டி என் மேல் விழுவதையும், என்னைத் தூக்க இன்னொரு ஆறு பேர் வருவதையும், அவர்களும் இதே திருப்பத்தில் தடுமாறுவதையும் ஒரே விநாடியில் பார்த்துவிட்டேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. உரத்த குரல் இல்லை. ஆனால் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த பாதிரியாரே நிறுத்திவிட்டார்.

“வலப்பக்கம் இருக்கறவிங்க காலை நீளமா வைங்க. இடப்பக்கம் குறுக்கமா. வெளிக்கால் பெருசு, உள்கால் சிறுசு. அந்தப் பச்சை ஸ்வெட்டர் அண்ணா, பொத்துப் பொத்துன்னு வைக்காதீங்க. குதிகாலை வெச்சு, அப்பறம் பாதத்தை எறக்குங்க.”

பச்சை ஸ்வெட்டர் நான்தான். குதிகாலை வைத்தேன். கதவு திறப்பதுபோலப் பெட்டி திரும்பியது. பேக்கரிக்காரர் வாழ்நாளில் அவ்வளவு நாசூக்காக எந்தத் திருப்பத்திலும் திரும்பியதில்லை.

எல்லாம் முடிந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் என்னை நோக்கி வந்தார். நாற்பது வயதிருக்கலாம். குள்ளம். சேலைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. ஆறுதல் சொல்ல வருகிறார் என்று நானும் முகத்தைத் தயார் செய்துகொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. செருப்பைப் பார்த்தார்.

“எந்த ஊருங்க உங்களுக்கு?”

“நாகலூருங்க. இப்ப டவுன்ல கடை போட்டிருக்கறேன்.”

“அதானே பாத்தேன். எறக்கத்துலயே நடந்து பழகுன காலு. ஒடம்பு பின்னால சாஞ்சிருக்குது, குதிகாலு பிரேக் புடிக்குது. சமதரையிலயும் அப்படித்தான் நடக்கறீங்க” என்றார். இறந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போய்விட்டார்.

“யாருப்பா இது?” என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன்.

“அது டேன்ஸ் டீச்சருங்க. போர்டிங் ஸ்கூல்ல வெள்ளைக்கார டேன்ஸ் சொல்லிக் குடுத்தவிங்க. இப்ப அங்க இல்லீங்க.”

அவர் ஏன் இப்போது அங்கே இல்லை என்பதற்கு ஊரில் இரண்டு கதைகள் உண்டு. ஆண்டுவிழாவுக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர் மேடையில் பரிசு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது தடுமாறினாராம். பக்கத்தில் நின்ற டீச்சர், “ரெண்டு காலுலயும் எடையை வெச்சுக்கிட்டு எப்படீங்க திரும்புவீங்க? ஒண்ணைக் காலி பண்ணுங்க” என்றாராம். அது மைக்கில் விழுந்துவிட்டதாம். அதனால் வேலை போனது என்பது ஒரு கதை. வேலை போகவில்லை, அந்தப் பெரிய மனிதர் சிரித்துவிட்டார், டீச்சர்தான் தானாகவே வேலையை விட்டுவிட்டார் என்பது இன்னொரு கதை. நானே ஒருமுறை அவரிடம் கேட்டேன். “அவர் அப்பறம் ஒழுங்காத் திரும்பினாருங்க” என்று மட்டும் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அந்தக் கதையில் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான்.

ஒரு தப்பான காலை அவரால் சும்மா விட முடியாது. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுவார். மரியாதையில்லாமல் பேசுகிறவனை விடுவார், தாமதமாக வருகிறவனை விடுவார், குடித்துவிட்டு வந்தவனைக்கூட “நேரா நின்னாச் சரி” என்று விடுவார். காலைத் தட்டையாகப் பொத்தென்று வைப்பவனை விடவே மாட்டார். அவன் தபால்காரனாக இருந்தாலும் சரி, தேர் இழுக்கிறவனாக இருந்தாலும் சரி. ஊரில் பாதிப்பேருடைய முகம் அவருக்குத் தெரியாது, கால் தெரியும். காய்கறிக் கடையில் குனிந்து சௌசௌ பொறுக்கிக்கொண்டே, “மெடிக்கல் ஷாப்பு அம்மாவுக்கு முட்டி வலி வந்திருச்சு போல” என்பார். நிமிர்ந்து பார்த்தால் மெடிக்கல் ஷாப்பு அம்மா நொண்டிக்கொண்டு போவார்.

சேலத்திலிருந்து ஏறிவரும் பஸ்ஸில் அவரை ஒருநாள் பார்த்தேன். கூட்டம். கொண்டையூசி வளைவுகளில் நாங்களெல்லாம் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் சரிந்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடி சரிந்துகொண்டிருந்தோம். அவர் கம்பியைத் தொடாமல் நின்றார். வளைவு வருவதற்குச் சற்று முன்னாலேயே அவருடைய இடுப்பு லேசாகத் திரும்பிவிடும். கால் அப்புறம் வந்து சேர்ந்துகொள்ளும். எனக்கோ வாந்தி தொண்டைவரை வந்துவிட்டது.

“கம்பியை உடுங்கண்ணா” என்றார். என் ஷூவைப் பார்த்துத்தான். “பஸ்ஸு உங்களைத் திருப்பற வரைக்கும் ஏன் காத்துக்கிட்டு இருக்கறீங்க? நீங்க முன்னாடியே திரும்பிருங்க.”

விட்டேன். அடுத்த வளைவில் ஒரு கல்லூரி மாணவனின் மடியில் போய் உட்கார்ந்தேன். “பரவால்லீங்க, பாதி திரும்பிட்டீங்க” என்றார் டீச்சர்.

அத்தோடு எங்கள் உறவு முடிந்திருக்க வேண்டியது. முடியாமல் போனதற்கு என் மகள் காரணம்.

மகள் பெங்களூரில் வேலை பார்த்தாள். அங்கேயே ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். நல்ல பையன், நல்ல குடும்பம், கிறிஸ்தவர்கள். நாங்கள் முருகனுக்கு மொட்டை போடுகிற வகையறா. அதிலெல்லாம் ஒரு தகராறும் வரவில்லை. பதிவுத் திருமணம், எங்கள் பக்கம் கோயிலில் ஒரு மாலை, ஏற்காட்டில் வரவேற்பு என்று எல்லாம் சுமுகமாக முடிவானது. கடைசியில் மாப்பிள்ளையின் பெரியப்பா போனில் ஒரு சின்ன விஷயம் சொன்னார்.

அவர்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வால்ட்ஸ் என்கிற ஜோடி நடனம் ஆடுகிறார்களாம். வரவேற்பில் கேக் வெட்டியதும், பெண்ணின் அப்பா பெண்ணைக் கைபிடித்து, ஆடியபடியே ஹாலின் நாலு மூலைகளையும் சுற்றிவந்து மாப்பிள்ளையிடம் விடவேண்டுமாம். நடுவில் அப்பா தடுமாறினால் பெரியப்பா எழுந்துவந்து தோளைத் தட்டுவாராம். தட்டினால், அப்பா பெண்ணை அவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மிச்ச மூலைகளை அவர் சுற்றுவார். அவமானப்படுத்துவதற்கு இல்லை, காப்பாற்றுவதற்குத்தான்.

“டென்ஷன் ஆகாதீங்க சார். நான் இருக்கேன்ல?” என்றார் பெரியப்பா. தங்கமான மனிதர். அந்த ‘நான் இருக்கேன்ல’ மட்டும் எனக்கு மூன்று நாள் செரிக்கவில்லை.

மகளிடம் கேட்டேன். “உங்களுக்குப் பயமா இருந்தா வேண்டாம்ப்பா. பெரியப்பாவே சுத்தட்டும்” என்றாள். சின்ன வயதில் பலூன்காரனைத் தாண்டிப் போகும்போது அவள் சொன்ன அதே ‘வேண்டாம்’.

என் மனைவி இன்னும் தெளிவாகச் சொன்னாள். “ஏனுங்க, அந்த மனுஷன் எம்புள்ளையைச் சுத்திக் கொண்டாந்து உடறதுன்னா, அங்க நீங்க எதுக்குங்க? பந்தியில தண்ணி ஊத்தறதுக்கா?”

ஆகவே டீச்சரைத் தேடிப் போனேன். வேறு செருப்புப் போட்டிருந்தேன், இருந்தும் கண்டுபிடித்துவிட்டார். “அட, பிரேக்கு அண்ணா!”

விஷயத்தைச் சொன்னேன். எப்போது கல்யாணம், எந்த ஹால் என்றெல்லாம் கேட்கவில்லை. “பின்னால போறப்ப பொண்ணு காலுக்கு என்ன வேலைன்னு தெரியுமுங்களா?” என்றார்.

“என் காலுக்கே என்ன வேலைன்னு தெரியாதுங்க டீச்சர்.”

“அப்ப மொதல்ல பொண்ணு காலைக் கத்துக்குங்க. அவ கால் எங்க வருமுன்னு தெரியாம அவளை எப்படித் திருப்புவீங்க? மிதிப்பீங்க.”

இடம்தான் பிரச்சினை. என்னோடு படித்தவன் ஒருவன் வாழவந்தி போகும் வழியில் ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தான். அங்கே காப்பி காயவைக்கிற களம் இருந்தது. வழவழவென்று சிமெண்ட் போட்ட பெரிய களம். ஆனால் அது பழம் பறிக்கிற காலம், களம் முழுக்கக் காப்பி. சாயங்காலம் பனி இறங்க ஆரம்பித்ததும் ஈரம் படாமலிருக்கப் பெண்கள் காப்பியைக் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். அதற்கப்புறம் இருட்டும்வரை களம் சும்மா கிடக்கும். அதுதான் எங்கள் வகுப்பு. கடிகாரம் கிடையாது. சேர்வராயன் மலை உச்சி வெள்ளையாக மறைய ஆரம்பித்தால் நான் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுப்பேன்.

ரைட்டர் களத்தைக் கொடுக்க ஒரு நிபந்தனை போட்டான்: அவனுக்கும் சொல்லித்தர வேண்டும். டீச்சருக்கு இது வசதியாகப் போயிற்று. “நீங்க ஆம்பளை. அண்ணா பொண்ணு” என்று சொல்லிவிட்டு, தாழ்வான பிரம்பு மோடாவை எடுத்துப்போட்டு எங்கள் முழங்கால் உயரத்துக்கு உட்கார்ந்துகொண்டார்.

ரைட்டருக்கு மீசை பெரிது, தொந்தி அதைவிடப் பெரிது. அவன் கை என் முதுகில், என் கை அவன் தோளில். தார்ப்பாய் மூடிய பெண்கள் வீட்டுக்குப் போகாமல் கூடைகளைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார்கள்.

“ஏனுங்க ரைட்டரய்யா, சீர்வரிசையெல்லாம் பேசி முடிச்சாச்சுங்களா?”

“பொண்ணுக்கு மீசை கொஞ்சம் ஜாஸ்தி சாமி. ஆனா நல்ல கலரு.”

டீச்சர் அவர்களை விரட்டவில்லை. “நீங்களும் காலைப் பாருங்க கண்ணுகளா. சிரிக்கறதுன்னா காலைப் பாத்துச் சிரிங்க” என்றார்.

வால்ட்ஸ் என்பது மூன்று எண்ணிக்கை. முன்னால் போகிறவர், அதாவது ஆண், முதல் எண்ணிக்கையில் குதிகாலை வைத்துப் பாதத்தை உருட்ட வேண்டும். இரண்டில் குதிகாலைத் தூக்கி விரலுக்கு ஏறவேண்டும். மூன்றில் கால்களைச் சேர்த்து, பூனை இறங்குவதுபோல இறங்க வேண்டும். பின்னால் போகிற பெண்ணுக்கு முதல் எண்ணிக்கை தலைகீழ்: விரல் முன்னே, குதிகால் பின்னே. இதுவரை யாருக்கும் வந்துவிடும். மூலையில் திரும்புவதில்தான் உயிர் போகும். அங்கே பின்னால் போகிறவர் ஒரு காலைப் பின்னே வைத்து, மற்றக் காலை அதன் பக்கத்தில் இழுத்துச் சேர்த்து, எடை முழுவதும் குதிகாலில் இருக்க, அந்தக் குதிகாலின் மேலேயே திரும்பவேண்டும். திரும்பி முடித்த பிறகுதான் விரலுக்கு ஏறலாம். அவசரப்பட்டு முன்னாலேயே விரலுக்கு ஏறினால் எதிரில் இருப்பவர்மேல் விழவேண்டியதுதான். நான் ரைட்டர்மேல் விழுந்தேன். நல்லவேளை, தொந்தி இருந்தது.

டீச்சர் ஒருமுறை எழுந்து செய்துகாட்டினார். எதிரில் ஆளே இல்லாமல், சேலையை ஒரு கையால் கொஞ்சம் தூக்கிப்பிடித்துக்கொண்டு, பனிக்குள் பின்னாலேயே போனார். மூலையில் அந்த வெள்ளை ஷூக்கள் இரண்டும் சேர்ந்தன. சேர்ந்தது தெரிந்தது, திரும்பியது தெரியவில்லை. ஒரு விநாடி முன்னால் எங்களைப் பார்த்திருந்தவர் இப்போது எதிர்த் திசையில் தலைச்சோலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கூடைமேல் உட்கார்ந்திருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். “ஆத்தாடி” என்றாள் ஒருத்தி, மெதுவாக.

காப்பியை அள்ளிய களத்தில் கறுப்பாக மெல்லிய தூசு படிந்திருக்கும். நாங்கள் ஆடியதெல்லாம் அதில் அச்சாகும். டீச்சர் குனிந்து அதைப் படிப்பார். “இங்க விரல் முந்திருச்சு. இங்க ரெண்டு காலும் பயந்து நின்னுருச்சு. இது என்னங்கண்ணா, இங்க படுத்துட்டீங்களா?” மறுநாள் காலையில் காப்பி பரப்ப வந்த ஒரு பாட்டி, ராத்திரி காட்டெருமை களத்துக்குள் இறங்கிவிட்டது என்று ரைட்டரிடம் பதறிக்கொண்டு சொன்னாளாம். ரைட்டர் மறுக்கவில்லை.

ஆச்சரியம், எனக்குப் பெண் கால் வந்தது. நாகலூர் இறக்கத்தில் வாழ்நாளெல்லாம் பிரேக் பிடித்துத் தேய்ந்த குதிகால், திருப்பத்தில் தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் தூசுத் தடத்தைப் பார்த்த டீச்சர் ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். அப்புறம் விரலால் ஒரு வட்டத் தடத்தைத் தொட்டு, “இது யாரு கால்?” என்றார்.

“என்னுதுங்க.”

“ம்” என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை. அதற்கும் திட்டு வாங்கினேன்.

ஆண் காலுக்கு மாறியதும் எல்லாம் போயிற்று. முன்னால் போகும்போது உடம்பு பின்னால் சாய்ந்தது, குதிகால் வைத்த இடத்திலேயே நின்றது. இப்போது பெண்ணாக மாறிய ரைட்டர் ஒவ்வொரு மூலையிலும் ஊளையிட்டான். கல்யாணம் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கத்தில் பெரியப்பா வந்து தோளைத் தட்ட ஆரம்பித்தார். பி.பி. பார்த்தேன். டாக்டர் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி என் கடைசி நம்பிக்கையையும் கெடுத்தார். எனவே ஒரு க்ரேப் பேண்டேஜ் வாங்கி இடது கணுக்காலில் சுற்றிக்கொண்டு, நொண்டியபடி களத்துக்குப் போனேன். டீச்சர் என்னை உட்காரவைத்துவிட்டார். மறுநாளும் சுற்றிக்கொண்டு போனேன்.

“நேத்து இடது கால்தானுங்களே சுளுக்கு?” என்றார்.

குனிந்து பார்த்தேன். பேண்டேஜ் வலது காலில் இருந்தது.

“பரவிருச்சுங்க டீச்சர்.”

“நல்லதுங்க. ரெண்டு காலும் சமமா வலிச்சா எடை சமமா இருக்கும். ஆரம்பிங்க.”

அன்று மூன்றாவது மூலையில் ரைட்டரின் பெருவிரலை மிதித்து நான் நின்றுவிட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னேன்: “என்னால முடியாதுங்க டீச்சர். பெரியப்பாவே சுத்தட்டும்.”

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். “சரிங்க” என்று எழுந்தார். மோடாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பனிக்குள் நடந்தார்.

எனக்குப் பயம் இரண்டு மடங்கானது. “டீச்சர், போறீங்களா?”

“நீங்கதான் முடிச்சுட்டீங்களே. நான் எதுக்குங்க பனியில ஒக்காந்திருக்கோணும்?”

“அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேனுங்க.”

திரும்பி வந்தார். மோடாவைப் போட்டார். “பேச்சு வாயோட இருக்கட்டும். இடது கால்.”

வரவேற்பு அன்று அவர் பட்டுச்சேலை கட்டி வந்தார். கீழே அதே கேன்வாஸ் ஷூ, புதிதாகச் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுப்பாக. கேக் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துத் தரையைப் பார்க்கத் திருப்பிப்போட்டு உட்கார்ந்துகொண்டார். மகளின் முகத்தையோ அவள் கவுனையோ அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. எதிர்ச் சுவரோரம் பெரியப்பா, கறுப்புக் கோட்டில், கண்ணாடிபோல மின்னும் ஷூவோடு எனக்குக் கையசைத்தார். நான் இருக்கேன்ல.

கேக் வெட்டினார்கள். இசை ஆரம்பித்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன். என் கை சில்லிட்டிருந்தது. அவள் கை அதைவிட. ஒன்று என்று மனதில் எண்ணி இடது காலை முன்னால் வைத்தேன்.

அவளும் இடது காலை முன்னால் வைத்தாள்.

முட்டியும் முட்டியும் ‘டக்’ என்று மோதின. வந்திருந்தவர்கள் அது பெங்களூர் வணக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

“அப்பா, நீங்க பின்னால போங்க. நான் கூட்டிட்டுப் போறேன்” என்றாள் காதோரம்.

“நானே கூட்டிட்டுப் போறேன் கண்ணு. ஒரு மாசமாக் கத்துக்கிட்டிருக்கறேன்!”

“அய்யோ, நானும் கிளாஸுக்குப் போனேம்ப்பா. உங்களுக்கு வராதுன்னு நெனச்சு ஆம்பளை ஸ்டெப்பு கத்துக்கிட்டு வந்திருக்கறேன். உங்களைத் தள்ளிட்டாவது நாலு மூலையும் போயிரலாமுன்னு. பொண்ணு ஸ்டெப்பு எனக்குத் தெரியாது!”

அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. ஓரக்கண்ணில் பெரியப்பா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுவது தெரிந்தது. எனக்கு வழக்கமாக வரும் கற்பனை எதுவும் அப்போது வரவில்லை. கேக் மேசைப் பக்கம் பார்த்தேன். டீச்சர் எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“எனக்குத் தெரியும் சாமி” என்றேன். “நீ ஓட்டு.”

கையை அவள் தோளுக்கு மாற்றினேன். அவள் கை என் முதுகுக்கு வந்தது. அவள் குதிகாலை வைத்து முன்னே வர, நான் விரலை வைத்துப் பின்னே போனேன். ரைட்டரோடு ஒப்பிட்டால் என் மகள் இறகு. முதல் மூலை வந்தது. அவள் வெளியே நீளமாக எட்டுவைத்துச் சுற்றிவர, நான் உள்ளே காலை இழுத்துச் சேர்த்து, குதிகாலில் நின்று திரும்பினேன். சுவரில் மாட்டியிருந்த சீரியல் விளக்குகள் ஒரு கோடாக ஓடின. நான் விழவில்லை. மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். “எங்கே கத்துக்கிட்டீங்கப்பா இதை?”

“காப்பிக் களத்துல.”

“பொய்யி.”

இரண்டாவது மூலையும் ஆயிற்று. மூன்றாவதில் திரும்பி முடித்து நான் விரலுக்கு ஏறியபோது, தோளில் யாரோ தட்டினார்கள். பெரியப்பாதான். ஆண்பிள்ளை பின்னால் பின்னால் போவதைப் பார்த்து, நான் தடம் மாறித் தவிக்கிறேன் என்று முடிவுகட்டிவிட்டார். முகமெல்லாம் இரக்கம். முறை என்றால் முறை. என் கை மகளின் தோளிலிருந்து தானாகவே இறங்க ஆரம்பித்தது.

மகள் விடவில்லை. முதுகில் இருந்த அவள் கை இன்னும் இறுகியது. எண்ணிக்கையைத் தவறவிடாமல் இருந்த இடத்திலேயே என்னை ஓர் ஆட்டு ஆட்டிக்கொண்டு சொன்னாள்:

“பெரியப்பா, கூட்டிட்டுப் போறது நான். கேக்கறதுன்னா என் தோளைத் தட்டித்தான் கேக்கணும். தட்டினாலும் எங்கப்பாவைக் குடுக்க மாட்டேன்.”

பெரியப்பா அப்போதுதான் எங்கள் கைகளைப் பார்த்தார், அப்புறம் கால்களை. பிறகு இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு பின்வாங்கி, ஹாலிலேயே முதல் ஆளாகக் கைதட்டினார். சொன்னேனே, தங்கமான மனிதர். நாலாவது மூலையில் எதையும் எண்ணவில்லை. மாப்பிள்ளை முன்னால் போய் நின்றபோது, பெண்ணை நான் ஒப்படைத்தேனா, என்னை அவள் ஒப்படைத்தாளா என்று அவருக்கே குழப்பம். இரண்டு பேர் கையையும் பிடித்துக் குலுக்கினார். என் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இன்றுவரை சொல்லவில்லை.

மூச்சு வாங்க கேக் மேசைக்குப் போனேன். எனக்கு முன்னால் பெரியப்பா அங்கே இருந்தார். டீச்சர் அவருடைய மின்னும் ஷூக்களைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு, “கைதட்டறப்ப எடையெல்லாம் குதிகாலுக்குப் போயிருதுங்க உங்களுக்கு. கொஞ்சம் முன்னால கொண்டாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பள்ளிக்கூடப் பையன்போலக் காலைச் சரிசெய்துகொண்டார்.

“தப்பா ஆடிட்டோமுங்க டீச்சர்” என்றேன். “நான் பொண்ணு, அவ ஆம்பளை.”

“அப்படிங்களா?” என்றார். உண்மையிலேயே ஆச்சரியம் அந்தக் குரலில். “அதையெல்லாம் யாருங்க பாத்தா? நான் கீழ பாத்தேன். நாலு காலும் சரியா வந்துச்சுங்க.”

அடுத்த வருஷம் அவர் மலையை விட்டுப் போய்விட்டார். எங்கே என்று ஊரில் இரண்டு கதைகள் இருக்கின்றன, இரண்டையும் நான் நம்பவில்லை. யாரையும் மெச்சாத மனுஷி அவர். அன்று நாலு கால் என்றார். அதில் எது என்னுடையது, எது என் மகளுடையது என்று பிரித்துச் சொல்லத் தோன்றவில்லை அவருக்கு. வரவேற்பில் அதைக் கேட்டுவிட்டு நான் நேராகப் பந்திக்குப் போனேன். அங்கே ஆள் பற்றவில்லை. ஒரு ஜக்கை எடுத்துக்கொண்டு வரிசையாக எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினேன், ஒவ்வொரு இலை முன்னாலும் விரலுக்கு ஏறி, மெதுவாக இறங்கி.